பச்சைப் புள்ளி

வெண்டெல் வாங்கிவந்த ப்ளக் பாயிண்ட்டின் விலை
நூற்று நாற்பது டாலர்.
ஒன்றுக்கு.
திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்ததாம்,
உள்ளே ரோடியம் முலாமாம்,
வயலின் வில்லிலிருந்து உதிரும்
ரோசின் பொடிகூடக் காதில் விழுமாம்.
தோடு வாங்கிவந்தவன்போல் மூடியைத் திறந்து காட்டினான்.

இரவுப் பணி முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன்.
காலணியில் உப்பும் பனிச்சேறும்.
டுலூத்தில் பிப்ரவரி, ஏரி இறுகி
தாதுக் கப்பல்கள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் மாதம்.
"எங்கள் வார்டில் இருப்பது பதினெட்டு டாலர்" என்றேன்.
"முகத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும்.
நாலாம் படுக்கைக்காரருக்குப் பதினோரு நாளாக
அதிலிருந்துதான் மூச்சு."

தானியக் கிடங்கில் எடைமேடை சோதிப்பது அவன் வேலை.
லாரியில் ஒரு மூட்டை கூடக்குறைய இருந்தால்
ராத்தூக்கம் கெடும்.
பதில் பேசவில்லை.
ஞாயிறன்று தோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப்
பச்சைப் புள்ளியோடு வந்தான்.
மிச்சக் காசில் எனக்கொரு ஜோடி பூட்ஸ் வந்திருக்கலாம்.
நான்கு இசைத்தட்டுகள் வந்தன.

மெயினை அணைத்தோம். டார்ச் என் கையில்.
முன்பு இருந்த ஆஸ்ட்ராண்டர் குடும்பம்
சுவரோடு சேர்த்து ப்ளக் பாயிண்ட்டுக்கும்
மூன்று முறை பெயிண்ட் அடித்திருந்தது.
கத்தியால் கீறித்தான் பிரிக்க முடிந்தது.

வெளியே இழுத்தான்.
ஒரு திருகு ஆடியது.
கம்பியின் உறை கருகிச் சுருண்டு
விரலில் பொடியாக ஒட்டியது.
அடிப்பிடித்த பாலின் வாடை.
எத்தனை குளிர்காலம் இதில் ஹீட்டரையும் செருகிவிட்டு
இதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு
கண்மூடிக் கிடந்திருக்கிறோம்.

"அதான் பார்த்தேன்," என்றான் வெண்டெல்,
"இடது பக்கம் பியானோ
கொஞ்சம் மங்கலாகவே இருந்தது."

எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.
தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
அவனுக்கு என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியவில்லை.

புதியதை மாட்டினான், திருகை முறுக்கினான்,
இன்னொரு முறை முறுக்கினான்.
மெயினைப் போட்டு, முள்ளை இறக்கினான்.
"தெரிகிறதா?"

நேற்றைவிடத் தேவலையா என்று
நோயாளியின் மகள்கள் கேட்கும் அதே குரல்.
அங்கே சொல்ல என்னிடம் எண்கள் உண்டு.
இங்கே
"ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்கிறது" என்றேன்.

எழுந்துபோய் ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு வந்தான்.

அப்புறம் வந்த அமைதி எனக்குப் பழக்கமானது.
டிசம்பரில் பனிமழை கம்பிகளை அறுத்த இரவு,
ஜெனரேட்டர் விழிக்கும்வரை
எல்லாத் திரையும் இருண்ட ஒன்பது விநாடி.
வென்டிலேட்டர் தன் பேட்டரியில் ஓடியது,
தெரியும், ஓடும் என்று தெரியும்,
ஆனாலும் ஒவ்வொரு படுக்கையாகக் காதைக் கொண்டுபோனேன்.
யாரோ என் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.
யாரென்று இன்றுவரை தெரியாது.

செல்லோ தொடங்கியபோது
நான் தூங்கிப்போயிருக்கிறேன்.
லயித்துவிட்டேன் என்று நினைத்து
இரண்டாம் பக்கத்தையும் போட்டிருக்கிறான்.
ஃப்ரிட்ஜை மறந்துவிட்டான்.
காலையில் பால் திரிந்திருந்தது.

வியாழக்கிழமை
நாலாம் படுக்கைக்காரருக்குக் குழாயை எடுத்தார்கள்.
"தண்ணி" என்றார், அவ்வளவுதான்,
அதில் ரோசின் பொடி உதிர்ந்தது.

மெஷினை நகர்த்த ப்ளக்கை இழுத்தேன்.
வரவில்லை.
சுவரில் காலை ஊன்றி
இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

என்ன பிடி.
வெண்டெலிடம் சொல்ல வேண்டும்.